வேலூரின் எல்லையும் விரிஞ்சிபுரத்தின் மதிலும்

2011-ம் வருஷத்து ஜனக்கணக்கிலிருந்து வேலூருக்கு இரண்டு தொகைகள் கிடைக்கின்றன. பழைய நகர எல்லைக்குள் வசித்தவர்கள் 1,85,803 பேர். அதே வருஷத்தில் விஸ்தரிக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் அடங்கியவர்கள் 5,04,079 பேர். சர்க்கார் உத்தரவு ஒன்றினால் ஒரு நகரத்தின் ஜனத்தொகை இரண்டரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. இதற்காக ஒரு குழந்தைகூட அதிகமாகப் பிறக்கவில்லை. ஒரு குடும்பம்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்து குடியேறவில்லை. படத்தில் ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்றைய வேலூர் மாநகராட்சியின் எல்லைக்குள் இருப்பவர்களில் ஐந்து பேருக்கு மூன்று பேர், 2011 வரையில் 'வேலூரார்' அல்லர். அவர்கள் சத்துவாச்சாரிக்காரர்கள், தாராபடவேட்டுக்காரர்கள், கழிஞ்சூர்க்காரர்கள், தொரப்பாடிக்காரர்கள், அல்லாபுரத்தார். நகரம் கிராமங்களை விழுங்கிற்று என்று சொல்வது வழக்கம். தலைக்கட்டை எண்ணிப் பார்த்தால், விழுங்கப்பட்டது விழுங்கியதைவிடப் பெரிதாயிருக்கிறது. அப்படியிருந்தும் பெயரும், சபையும், கஜானாவும் வேலூருடையவை. இது எப்படி நடந்தது, இதனால் அந்த ஊர்களுக்குக் கிடைத்ததென்ன, போனதென்ன என்று விசாரிப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம். ஏனெனில் கோடு இன்னும் நகரக்கூடியது. மேற்கே அது நகருமானால், கொணவட்டத்தையும் பொய்கையையும் தாண்டி அது போய் நிற்கும் இடம் விரிஞ்சிபுரம்.

சத்துவாச்சாரியை முதலில் எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் ஒரு கிராமமாக இருந்தது. பட்டணத்துக்குப் போகும் ராஜபாட்டை பக்கத்தில் ஓடிற்று. வேலூரில் இடம் போதாமற்போகவே வீட்டுவசதி வாரியத்தார் அங்கே பகுதி பகுதியாக மனைகள் பிரித்து வீடு கட்டினார்கள். ஜில்லாக் கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டுகளும் அங்கே போயின. கச்சேரி போன இடத்துக்கு வக்கீல்களும் குமாஸ்தாக்களும் பத்திரம் எழுதுகிறவர்களும் போவது இயற்கை. அவர்கள் பின்னால் சாப்பாட்டுக் கடைகளும் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் போயின. கிராமம் பேரூராட்சியாயிற்று, பேரூராட்சி மூன்றாம் நிலை நகராட்சியாயிற்று, 2011-ல் நகராட்சி மாநகராட்சியின் சில வார்டுகளாயிற்று. ஒரு மனிதனுடைய ஆயுட்காலத்துக்குள் ஓர் ஊர் இத்தனை பட்டங்களையும் பெற்று, கடைசியில் தன் சபையை இழந்தது. தாராபடவேட்டின் கதை இன்னும் விநோதமானது. அந்தப் பெயர் வெளியூரார் எவருக்கும் தெரியாது. ரயில்வே ஜங்ஷனுக்குக் காட்பாடி என்று பெயர் அமைந்தது. ஜங்ஷனுடைய பெயர் ஊருடைய பெயரைத் தின்றுவிட்டது.

இந்த வளர்ச்சியைக் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. நகரங்கள் வளராமலிருக்க முடியாது. 1900-த்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு துவக்கிய வைத்தியசாலையைத் தேடி இன்று வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். 1984-ல் காட்பாடியில் துவங்கிய என்ஜினீயரிங் காலேஜ் இன்று பெரிய சர்வகலாசாலை. தோல் வியாபாரம் ஜில்லா முழுவதற்கும் பணம் கொண்டுவந்தது. இவ்வளவு நடந்த பிறகு சத்துவாச்சாரி கம்பங்கொல்லையாகவே இருந்திருக்க வேண்டுமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊர் நகரமாவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஊரார் நகரத்தாராகும்போது அவர்கள் கையிலிருந்து எது பறிபோகிறது என்பதே நமது கேள்வி.

மாநகராட்சியின் சரித்திரத்தையே பாருங்கள். 1866-ல் ஸ்தாபிக்கப்பட்ட வேலூர் நகரசபை 2008 ஆகஸ்டு 1-ந் தேதி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2011-ல் எல்லை விரிந்தது. அவ்வருஷம் அக்டோபரில் 60 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தது? 2022 பிப்ரவரி 19-ந் தேதி. இடையிலே ஐந்து வருஷத்துக்கு மேல் மாநகராட்சிக்கு மேயரும் இல்லை, கௌன்சிலரும் இல்லை; உத்தியோகஸ்தர்களே ஆண்டார்கள். தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றுக்குமே இந்தக் கதி நேர்ந்ததென்பது வாஸ்தவம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வலித்திராது. பழைய வேலூரான் தன் கச்சேரிக்கு நடந்தே போவான்; யாரைப் பிடித்தால் எது நடக்குமென்று அவனுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தொரப்பாடியானும் கழிஞ்சூரானும் அப்பொழுதுதான் உள்ளே வந்தவர்கள். தங்கள் பஞ்சாயத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் வாங்கியது ஒரு கௌன்சிலர். அந்தக் கௌன்சிலரும் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, அடுத்த ஐந்து வருஷத்துக்கு மேல் இல்லாமற் போனார்.

இருக்கும்போதுதான் என்ன? 5,04,079 பேருக்கு 60 கௌன்சிலர்கள் என்றால், 2011-ம் வருஷத்துக் கணக்கிலேயே ஒருவருக்கு 8,400 பேர். கிராமப் பஞ்சாயத்தில் சில நூறு பேருக்கு ஓர் அங்கத்தினர். அவர் வீடு எந்தத் தெருவிலென்று எல்லோருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் விடியற்காலையில் அவர் திண்ணையில் போய் உட்காரலாம். இதைவிட முக்கியமான பேதம் ஒன்று இருக்கிறது. 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபை என்ற ஒன்றை ஸ்தாபித்தது. ஊரிலுள்ள வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். வருஷத்தில் குறிப்பிட்ட தினங்களில் அது கூட வேண்டும், வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். 74-வது திருத்தம் நகரத்தானுக்கு இப்படி ஒரு சபையைக் கொடுக்கவில்லை. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டுக் கமிட்டிகள் வேண்டுமென்று மட்டும் சொல்லிற்று. தமிழ்நாட்டில் நகரவாசிகளுக்கான பகுதி சபைகளை 2022 நவம்பரில்தான் கூட்டத் துவங்கினார்கள். ஆகவே 2011-ல் ஒரு சத்துவாச்சாரிக்காரர், தம் அயலூரான கிராமத்துக் குடியானவருக்கு இருந்த உரிமையைவிடக் குறைந்த உரிமையோடு நகரத்தாரானார். பட்டம் உயர்ந்தது, அதிகாரம் தாழ்ந்தது.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் சிலர், "சபையும் தீர்மானமும் சோறு போடுமா? ரோடும் சாக்கடையும் விளக்கும் வந்தால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வந்தவற்றைப் பார்ப்போம். 2016 செப்டம்பரில் வேலூர் 'ஸ்மார்ட் சிட்டி' ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. பணம் வந்தது, வேலையும் நடந்தது. 2022-ல் தெருவில் நின்ற மோட்டார் சைக்கிளை அப்புறப்படுத்தாமலே அதன் சக்கரங்களைப் புதைத்து சிமெண்டு ரோடு போட்ட செய்தி தேசமெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. அது பழைய நகரத்தில் நடந்தது. அதே வருஷத்தில் சத்துவாச்சாரியைச் சேர்ந்த 2-வது மண்டலத்தில் நடந்ததை நாம் சிரிக்கத்தக்கதாக எண்ணவில்லை. அங்கே சாக்கடை கட்டியவர்கள், வழியில் நின்ற ஓர் அடிபம்பை எடுத்து வேறிடத்தில் நாட்டாமல், அதையும் உள்ளே வைத்துச் சுற்றிக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியபிறகு பரிகாரம் தேடினார்கள். கண்ட்ராக்டரின் அஜாக்கிரதை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் பம்பில் யார் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர், நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தோடு அந்தத் தெருவில் இருந்திருந்தால், இது நடந்திருக்குமா?

ஏரிகளின் விஷயமும் அப்படியே. வேலூரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஏரி உண்டு. ஏரிக்காகவே ஊர் அமைந்தது என்றும் சொல்லலாம். கழிஞ்சூர் ஏரி, தாராபடவேட்டு ஏரி, தொரப்பாடி ஏரி, ஓட்டேரி, சதுப்பேரி என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஊர் கிராமமாயிருக்கும் வரையில் ஏரி என்பது வயல். வயல் என்பது நெல். வயல்கள் மனைகளான மறுநாளே ஏரிக்கு எஜமானன் இல்லை. மதகு எதற்கு, வரத்துக்கால் எதற்கு என்று கேட்பவர்கள் வந்துவிடுகிறார்கள். சதுப்பேரிக்கு நேர்ந்ததென்ன? நகரத்தின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமாயிற்று. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிக்கு நகரம் கொடுத்த பிரதி உபகாரம் அது. நிக்கல்சன் கால்வாயோ ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு பாலாற்றில் போய்ச் சேருகிறது. காட்பாடிப் பக்கத்து ஏரிகள் இரண்டைப் பிற்பாடு செப்பனிட்டார்கள்; அதை மறுக்கவில்லை. கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, உலாவுமிடமாக்குவதும் நல்லதே. உலாவ வருகிறவனுக்கு ஏரியில் நீர் இருந்தால் அழகு. குடியானவனுக்கோ நீர் இல்லாவிட்டால் அடுப்பில் பூனை தூங்கும். இருவருக்கும் ஏரியிடத்தில் ஒரே அக்கறை இராது.

வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் சொத்துவரியை உயர்த்தியபோது, சென்னையைத் தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்புக்குத் தக்கபடி 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். கோட்டைக்கு எதிரில் கடைத்தெருவில் இருக்கும் வீட்டுக்கும், இன்னும் மாட்டுத்தொழுவம் இடிக்கப்படாத அல்லாபுரத்து வீட்டுக்கும் விகிதம் ஒன்றே. வசதி ஒன்றா என்பதை அவரவர் தெருவில் மழைக்காலத்தில் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் பேசுகையில், நகல் சட்டம் கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனி மனிதனை ஆதாரமாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். அவருக்குக் கிராமத்தின்மீது இருந்த கோபம் காரணமில்லாததல்ல. கிராமம் என்று நாம் உருக்கமாகச் சொல்லும்போது, ஊரையும் சேரியையும் சேர்த்துச் சொல்லுகிறோமா, ஊரை மட்டும் சொல்லுகிறோமா? தோல் ஜில்லாவிலே இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையாக நிற்கிறது. தோலுரித்தவனும், சுண்ணாம்புக் குழியில் இறங்கியவனும், தொட்டியைக் கழுவியவனும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது ஊரறிந்தது. அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு, யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்காத நகரத்து வார்டு ஒரு விடுதலையாகவே இருந்திருக்கும். இதை உணராமல் பழைய பஞ்சாயத்தைப் பாடிக்கொண்டிருப்பவர்களோடு நமக்குச் சம்மதமில்லை. ஆனால் அதே மாதத்தில் அதே சபையில், கிராமப் பஞ்சாயத்துகளுக்கு சுயாட்சி அதிகாரம் கொடுக்க வேண்டுமென்ற ஷரத்தைக் கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டு ஸ்ரீ கே. சந்தானம். அது 40-வது விதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தவிரவும், 73-வது திருத்தத்துக்குப் பிறகு பஞ்சாயத்தில் ஆதிதிராவிடருக்கும் பெண்களுக்கும் ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எந்தச் சபையில் இவர்கள் தலைமை வகிக்கத் துவங்கினார்களோ, அந்தச் சபையே இவர்கள் வந்து உட்கார்ந்த சமயத்தில் கலைக்கப்படுவதானால், அதையும் விடுதலையென்று சொல்லிவிட முடியாது.

இனி விரிஞ்சிபுரத்துக்கு வருவோம். வேலூருக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது. விரிஞ்சன் என்னும் பிரமன் பூஜித்த ஸ்தலம் என்பது புராணம். சுவாமிக்கு மார்க்கபந்தீசுவரர், அதாவது வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு மூட்டையோடு தனியே போன ஒரு வர்த்தகனுக்குச் சுவாமியே வழித்துணையாகச் சென்றாரென்று ஊரார் சொல்லுகிறார்கள். அப்பைய தீக்ஷிதர் இந்தச் சுவாமியின்மீது ஸ்தோத்திரம் செய்திருக்கிறார். கோயிலுக்குள்ளே நிழலைக்கொண்டு நாழிகை பார்க்கும் கல் ஒன்று இருக்கிறது. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சிங்கத் தீர்த்தத்தில் ஸ்நானம் செய்யப் பிள்ளைவரம் வேண்டிய பெண்கள் திரளாக வருகிறார்கள். 'விரிஞ்சை மதிலழகு' என்று ஒரு வசனமும் வழங்குகிறது. பக்கத்தில் பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டுச் சந்தை. இந்தப் பக்கத்து முள் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிக் கத்திரிக்காயின் ருசியை அறிந்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. 2011-ல் வேலூரின் கோடு விரிந்தபோது விரிஞ்சிபுரம் அதற்கு வெளியே நின்றுவிட்டது. ஆனால் வழித்துணைநாதர் ஊருக்கு வழியே வினையாகலாம். முன்பு 46 என்றும் இப்போது 48 என்றும் இலக்கமிட்டிருக்கும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்தில் ஓடுகிறது. சத்துவாச்சாரியை இரண்டாக வெட்டியதும், அதைப் பட்டணமாக்கியதும் இதே சாலைதான்.

இந்த ஊர்க் கோயிலில் ஒரு சாஸனம் இருக்கிறது. சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் நன்கறிந்தது. விஜயநகரத்து இரண்டாவது தேவராயர் காலத்தில், 1425-ம் வருஷத்தை ஒட்டி வெட்டப்பட்டது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் - கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் - எல்லோரும் கூடி, இனிமேல் பெண்ணுக்குப் பொன் வாங்கிக்கொண்டு விவாகம் செய்வதில்லை, கன்னிகாதானமாகவே செய்வதென்று உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். பொன் கொடுத்தவனும் வாங்கினவனும் ராஜ தண்டனைக்கு உட்பட்டு, ஜாதியிலிருந்தும் விலக்கப்படுவார்களென்று நிபந்தனை. அது ஒரு ஜாதியாரின் ஏற்பாடு. பெண்ணைத் தானமாகக் கொடுக்கும் தத்துவத்தை நாம் இன்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆயினும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நான்கு பாஷைக்காரர்கள் தங்களுக்குள் கூடித் தங்களுக்கு ஒரு சட்டம் செய்துகொண்டு, அதைக் கோயிற் சுவரில் வெட்டிவைத்தார்கள். சட்டம் மேலேயிருந்து இறங்கி வரவில்லை. கீழே ஆலோசித்துச் செய்யப்பட்டது. அறுநூறு வருஷங்களுக்குப் பிறகு, ஊரின் எல்லையை மாற்றுவதற்கு ஊராரைக் கேட்கவேண்டிய அவசியமில்லாத நிலைக்கு நாம் 'முன்னேறி'யிருக்கிறோம்.

எல்லைக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லையென்று நினைப்பவர்கள் பாலாற்றைப் பார்க்கட்டும். மைசூர் நாட்டு நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் ஓடுகிறது. நம் எல்லைக்குள் வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர் என்ற வரிசையில் வந்து, பிறகு ராணிப்பேட்டைப் பக்கம் போகிறது. விரிஞ்சிபுரத்துக்கு மேலே ஆம்பூரின் தோல் தொழிற்சாலைகள். கீழே வேலூரின் சாக்கடை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் ஆறு அவ்வளவாகக் கெடவில்லை. 1973-க்குப் பிறகு, பாதி பதனிட்ட தோலை அந்நிய நாட்டுக்கு அனுப்புவதற்கு சர்க்கார் கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலாகவே அனுப்பத் தூண்டினார்கள். உத்தேசம் நல்லது, வேலையும் லாபமும் இங்கேயே தங்குமென்பது கணக்கு. குரோமிய உப்பும் கூடவே இங்கேயே தங்கிவிட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு இந்தியா முழுவதிலும் சட்ட மாணவர்கள் பாடமாகப் படிப்பது. ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்றும், தோல் ஜில்லாவில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பாதியோ பாழாயிற்றென்று விவசாய சர்வகலாசாலையின் ஆய்வு கண்டதென்றும் அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு. அதாவது, நமது கிணறுகளின் உப்பிலிருந்து தேசத்துக்கு ஒரு சட்டம் கிடைத்தது.

கிணறுகளுக்குக் கிடைத்தது வேறு. நஷ்டஈட்டைக் கணக்கிட நியமித்த அதிகார சபை 29,193 குடும்பங்களுக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று 2001-ல் தீர்மானித்தது. பங்கிட்டுப் பார்த்தால் குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. பாழான காணிக்கு அது விலையாகுமா என்பதை நிலமுள்ளவர்கள் சொல்லட்டும். 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் மறுபடியும் தலையிட்டு, தொழிற்சாலைகளிடமிருந்து வசூலாகும்வரை ஜனங்களைக் காக்க வைக்காமல் சர்க்காரே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு கமிட்டி ஆற்றைக் கண்காணிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு வருஷங்கள்! முதல் தீர்ப்பின்போது தொட்டிலில் கிடந்த குழந்தை, இரண்டாவது தீர்ப்பின்போது தன் குழந்தையைத் தொட்டிலில் இட்டிருக்கும்.

இந்த இருபத்தெட்டு வருஷத்தில் கோடுகள் மட்டும் நிற்காமல் நகர்ந்தன. 2019 நவம்பரில் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போயின, ராணிப்பேட்டை தனி ஜில்லாவாயிற்று, நடுவில் வேலூர். கழிவு கலக்கும் இடம் ஒரு கலெக்டருடையது. அது விரிஞ்சிபுரத்துக் கிணற்றில் ஏறும்போது கேட்க வேண்டியவர் மற்றொரு கலெக்டர். இதற்கு மேல் நகரத்துக் கோடும் வந்து சேருமானால், விரிஞ்சிபுரத்தான் புகார் கொடுக்க வேண்டிய இடம் நகரத்துக்குள் ஒரு மண்டல ஆபீஸாகிவிடும். அவன் ஆற்றின் சேதி சொல்லப் போனால், அவர்கள் அவனுடைய சொத்துவரி பாக்கியைக் கேட்பார்கள்.

"நகரத்தோடு சேர்ந்தால் காவிரித் தண்ணீர் வருமே" என்பது இணைப்பை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் மூலம் காவிரி நீரை இந்த ஜில்லாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது உண்மையே. அந்த நீர் இல்லாவிட்டால் பாலாற்றங்கரையில் பல ஊர்களில் குடிக்க வழியில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் சென்னைக்கு ரயில் வாகன்களில் போனதும் அந்தக் காவிரி நீரே. ஆனால் அந்தத் திட்டம் கிராமங்களுக்கும் சேர்த்தே போடப்பட்டது. அதற்காக ஒரு கிராமம் தன் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. தவிர, குழாயில் காவிரி வந்தபிறகு ஆற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைந்துபோவதையும் நாம் காண்கிறோம். பாலாற்றங்கரையான் காவிரியைக் குடித்துக்கொண்டு பாலாற்றைச் சாக்கடையென்று சொல்லப் பழகிவிட்டான். 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோதுதான் அது ஆறு என்பது பலருக்கு நினைவு வந்தது.

தோலினால் ஒரு கிராமம் நகரமாவதென்றால் என்ன என்பதற்குச் சென்னைக்கருகிலேயே உதாரணம் உண்டு. 1912-ல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை ஏற்படுத்தினார். அதைச் சுற்றி எழுந்த ஊருக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் விழுந்தது. இன்று அங்கே ரயிலேறும் ஆயிரக்கணக்கானோரில் குரோம் என்பது ஓர் உலோகத்தின் பெயரென்று எத்தனை பேர் நினைத்துப் பார்ப்பார்கள்? பக்கத்து நாகல்கேணியில் நிலத்தடி நீரில் குரோமியம் கண்டதை ஆராய்ச்சியாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்றார்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏரியோடு கூடிய கிராமம். வேலூரில் நடந்தது வேலூரின் தனி விசேஷமல்ல.

2025-ம் வருஷத் துவக்கத்தில் ராஜ்ய சர்க்கார் 16 மாநகராட்சிகளோடு 149 கிராம ஊராட்சிகளை இணைக்க முனைந்தபோது, ராஜ்யத்தின் பல பாகங்களிலும் கிராமத்தார் கிளம்பி ஆட்சேபித்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். பட்டணத்துப் படிப்பாளிகள் சிலர் இதைக் கேட்டு நகைத்தார்கள். முன்னேற்றம் வேண்டாமென்று மறியல் செய்யும் மூடர்கள் என்றார்கள். அறுபது வயதுக் கிழவிக்கு வருஷத்தில் நூறு நாள் கூலி என்பது என்ன என்று நகைத்தவர்களுக்குத் தெரியாது.

நியாயஸ்தலங்களோடு பழக்கமுள்ளவர்களாகையால் நமக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. ஒரு குடியானவனுடைய ஒரு காணி நிலத்தை சர்க்கார் எடுக்க வேண்டுமானால், 2013-ம் வருஷத்து மத்திய சட்டம் எத்தனை படிகளை ஏற்படுத்தியிருக்கிறது! அதனால் ஜனங்களுக்கு நேரும் பாதகத்தை ஆராய வேண்டும். பஞ்சாயத்தைக் கலந்துகொள்ள வேண்டும். அந்த ஊரிலேயே பகிரங்க விசாரணை நடத்த வேண்டும். ஆனால் காணியை விட்டுவிட்டு, ஊரையே எடுப்பதானால் இவை ஒன்றும் வேண்டியதில்லை. ஓர் அறிவிப்பு, ஆட்சேபணை எழுதிக் கொடுக்க ஒரு தவணை, பிறகு உத்தரவு. கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டாலும் அது சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. சொத்துக்கு இருக்கும் மரியாதை சபைக்கு இல்லை. நாம் கேட்பது அதிகமில்லை. இணைப்புக்கு முன்னால் அந்த ஊர்க் கிராம சபையைக் கூட்டி, கணக்கை அதன் முன் வைக்கட்டும்: எத்தனை வார்டு கிடைக்கும், எந்த வருஷத்தில் சாக்கடை வரும், அதுவரையில் வரி என்ன, ஏரி யார் வசம், சுடுகாட்டுக்கும் மேய்ச்சல் தரைக்கும் யார் பொறுப்பு, கிணற்று நீரைச் சோதித்ததில் கண்டதென்ன. எழுத்தில் கொடுக்கட்டும். ஜனங்கள் சம்மதித்தால் இணையட்டும். நாமும் தடை சொல்லமாட்டோம். சம்மதியாவிட்டால், நகரம் முதலில் தன் குப்பையைச் சதுப்பேரியிலிருந்து அப்புறப்படுத்திக் காட்டிவிட்டு மறுபடியும் கேட்கட்டும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் முதலிய ஒன்பது ஜில்லாக்களின் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அவற்றின் ஐந்து வருஷக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிற கணக்கு. மற்ற 28 ஜில்லாக்களில் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, புதுத் தேர்தல் நடத்தாமல் தனி அதிகாரிகளை நியமித்தார்கள். கோடுகளை நகர்த்துவதற்கு, கேட்பாரில்லாத அந்த இடைக்காலத்தைவிட வசதியான வேளை வேறில்லை. விரிஞ்சிபுரத்தாரும் பொய்கையாரும் தங்கள் கிராம சபையில் போட வேண்டிய தீர்மானம் ஏதேனும் இருந்தால், சபைக்குத் தலைவரும் அங்கத்தினரும் இருக்கும்போதே போட்டு, அதன் நகலைக் கலெக்டர் கச்சேரியில் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.